பிள்ளையாருக்குப் போன முதற்பரிசு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலமை, எங்கள் ஊரின் மானத்தை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாளி நிறையப் பூ. செவ்வந்தி, ஸினியா, டேலியா. மேலே கை வைத்து அமத்திக்கொண்டுதான் நடந்தேன்.

சந்தோஷமாகத்தான் நடந்தேன். சீட்டியடித்துக்கொண்டு வந்ததாக மனிசி சொல்கிறா. நான் சீட்டியடிக்கிற ஆள் இல்லை. கதைக்கிற ஆளே இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிற உங்களுக்கு அது தெரியும். இங்கே எழுதுகிறதோடு என் கதை முடிந்துவிடும். மிச்ச நேரம் மூன்று சொல்தான். ஓம். இல்லை. சரி.

அந்த மூன்றில் ஒன்றுதான் இந்த முறை என்னைக் கவிழ்த்தது.

ஓம்.

முதலில் போட்டியைச் சொல்லவேணும்.

ஊருக்கும் ஊருக்கும் கிரிக்கெட் போட்டி நடக்கும். தெரியும். வள்ளப் போட்டி, வண்டில் சவாரிப் போட்டி... அதுவும் தெரியும். பூப் போட்டி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதுவும் நாடு விட்டு நாடு. அயர்லாந்தில் ஒரு கிராமம். கனடாவில் ஒரு டவுன். ஜப்பானில் ஒரு மீன்பிடி ஊர். எல்லாரும் தங்கள் தங்கள் தெருவில் பூ நடுகிறார்கள். அந்தந்த ஊரில் கோடை வரும்போது நடுவர்கள் பிளேன் ஏறி வருகிறார்கள். தெருத்தெருவாக நடக்கிறார்கள். பூவுக்கு மார்க். துப்புரவுக்கு மார்க். ஊர்ச்சனம் சேர்ந்து செய்ததா, ஒருவர் தனியே கிடந்து மாரடித்ததா — அதற்கும் மார்க்.

எங்கள் இடம் ஆக்லாந்தில், ஹென்டர்சனுக்குப் பக்கத்தில். 'கிராமம்' என்ற பிரிவில் சேர்ந்தது.

கிராமம்! ஒரு பக்கம் ரெயில். மற்றப் பக்கம் மோட்டர்வே. நடுவில் டயர்க் கடை, பெயின்ட் கடை, நான் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேர்ஹவுஸ். ஆனால் ஆக்லாந்தில் நாலு கடையும், மூலையில் பாலும் பாணும் விற்கிற ஒரு டெய்ரியும் இருந்தால் அதற்கு வில்லேஜ் என்று பெயர். மாடு தேவையில்லை.

எங்கள் வில்லேஜுக்குத் தலைவி பெவ். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவ. எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் சரியில்லை. குரல் மட்டும் இன்னும் பஸ் ஹார்ன்தான்.

எங்கள் தெருவும் கடைத்தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு ரவுண்டபௌட். அதன் நடுவில் வட்டமாக ஒரு பூப்பாத்தி. பெவ்வின் பாத்தி. நான் இந்தத் தெருவுக்கு வந்த காலம் தொட்டுப் பார்க்கிறேன். கார்கள் சுற்றிச் சுற்றிப் போகும். நடுவில் பெவ் முழங்காலில் நிற்பா. மழை, வெயில் கணக்கில்லை. சாரதி யாராவது அவசரப்பட்டு ஹார்ன் அடித்தால் நிமிர்ந்து பார்ப்பா. அவ்வளவுதான். பஸ் ஓட்டினவவின் பார்வை. கார் மெதுவாகிவிடும்.

ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. வயதுபோன மனிசி. கார்களுக்கு நடுவில். தனியே. ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது? உதவிக்கு வேறு ஒரு சனமும் இல்லை. பாத்தியை எடுத்துவிட்டு சிமெண்ட் போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெவ் விடவில்லை. போய் வாதாடினா. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இந்தப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பாத்தி இருக்கும். வராவிட்டால் சிமெண்ட்.

விஷயம் அவ்வளவுதான். பாத்தியா, சிமெண்டா.

இதற்குள் நான் எப்படி வந்தேன்? திறமையால் என்று நினைக்கவேண்டாம். ரவுண்டபௌட்டுக்கு ஆகக் கிட்ட உள்ள தண்ணிக் குழாய் என் வீட்டு முன்பக்கத்தில் இருக்கிறது.

ஒரு நாள் பெவ் கதவைத் தட்டினா. பெயர் கேட்டா. "சிவலிங்கம்" என்றேன். பதினேழு வருஷமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையாட்டிக்கொண்டிருக்கிறோம். பெயர் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஷிவா" என்றா. தோட்டக்காரி அல்லவா, கேட்ட உடனேயே நுனியைக் கிள்ளிவிட்டா.

"ஷிவா, உன் ஹோஸ் எவ்வளவு நீளம்?"

"நீளம்."

"ரோட்டைத் தாண்டுமா?"

"தாண்டும்."

"நல்லது. உன்னைக் கமிட்டியில் போட்டுவிட்டேன்."

ஒரு ஹோஸின் நீளத்தால் சர்வதேசப் போட்டிக்குத் தெரிவானவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனிசி சரோவுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

"இஞ்சருங்கோ, கமிட்டி எண்டால் படம் எடுப்பினமே?"

"எடுப்பினம்."

"அப்ப அந்த முழங்கால் கிழிஞ்ச காற்சட்டையை விட்டிடுங்கோ. ஊருக்குப் போற படம்."

வேலை முடிந்து வந்து பின்னேரம் பின்னேரம் தண்ணி விட்டேன். ரோட்டைக் கடக்க ஒரு ஒரேஞ்ச் சட்டை. இருட்டிலும் மின்னும். பெவ் தந்தது. அந்தச் சட்டையோடு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பேன். ஒரு நாள் ஒருவன் கார்க் கண்ணாடியை இறக்கினான்.

"உனக்கு எத்தனை மணித்தியாலம் போட்டார்கள்?"

எனக்கு விளங்கவில்லை. "தினமும்" என்றேன்.

"பாவம் மேட்" என்றுவிட்டுப் போனான்.

பிறகுதான் தெரிந்தது. கோர்ட்டில் தண்டனை வாங்கித் தெருவேலை செய்கிறவர்களுக்கும் இதே நிறச் சட்டைதானாம்.

இதைச் சொன்னது பக்கத்து வீட்டுக் கார்த்திக். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. எல்லர்ஸ்லியில் ஐடி வேலை. கிழமையில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை. என்னுடைய இங்கிலீஷ் அகராதி அவர்தான். இங்கிலீஷ் பரவாயில்லை, தமிழில்தான் கரைச்சல். பாத்தியில் நிற்பதை நான் செவ்வந்தி என்பேன். அவர் சாமந்தி என்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுபட்டுவிட்டுப் பெவ்விடம் கேட்போம். அவ மேரிகோல்ட் என்பா. அதோடு சமாதானம்.

பாத்தி நன்றாக வந்தது. மாசி மாத வெயில், இங்கே அதுதான் கோடை. தண்ணிக்குத் தட்டுப்பாடில்லை. போட்டிக்கு முதல் கிழமை, நடந்து போகிற சனம் நின்று பார்த்தது. பெவ் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினா. இரண்டு நாள் நொந்தது. எனக்குப் பெருமைதான்.

வியாழக்கிழமை பின்னேரம் அவ வந்தா. முகத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் களை.

"நாளைக்குக் காலமை நான் நடுவர்களோடு சிட்டியில் நிற்கவேணும். அங்கேயிருந்து ஒரு வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வருவேன். கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஸ்டேஷன் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியாக இந்த ரவுண்டபௌட். கண்ணுக்குள் நிற்கவேணும். விளங்குதா?"

"யெஸ்."

"அதனால் விடிந்த உடனே நீ டெட்ஹெட் பண்ணு. பாத்தி முழுக்க. ஒன்றும் மிச்சம் விடாதே. செய்வியா?"

"யெஸ்" என்றேன்.

டெட் தெரியும். செத்தது. ஹெட் தெரியும். தலை. இரண்டையும் சேர்த்தால்? பெவ்விடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவவுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷமாக இந்த நாட்டில் இப்படித்தான் வண்டி ஓடுகிறது. சுப்பர்வைசர் ஒன்றைச் சொல்வார். தலையை ஆட்டுவோம். பிறகு மூலையில் ஒருவனைப் பிடித்து, "அது என்னடாப்பா சொன்னவர்?" என்று கேட்போம். முதலில் யெஸ். அர்த்தம் பிறகு. இப்படி இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தானா? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

மூலையில் பிடிக்க எனக்குக் கார்த்திக் இருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். காதில் பெரிய ஹெட்போன். லாப்டாப்பில் ஏழெட்டு முகம். மீட்டிங்.

"தம்பி, டெட்ஹெட் எண்டால் என்ன?"

ஒரு காதை மட்டும் திறந்தார். "எதுக்குண்ணே?"

"பூக்கண்டுக்கு."

"ஓ, அதுவா... பூவைக் கிள்ளி எடுக்கிறதுண்ணே. கிள்ளினாத்தான் செடி நல்லா வரும்."

காதை மூடிவிட்டார்.

அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. பூவைக் கிள்ளி எடுக்கிறது. சரி. எந்தப் பூவை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பூ எடுத்துவா என்றால், எந்தப் பூ என்று கேட்கிற தமிழனை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

யோசித்தேன். யோசிக்காமல் இல்லை. நடுவர் வருகிற அன்று பூவை எடுக்கச் சொல்கிறாவே, இது என்ன கூத்து? பிறகு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் எங்களுக்கெல்லாம் தலைமயிரை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்படியாக்கும். செடியின் உடம்பைப் பார்த்துத்தான் மார்க் போடுவார்களாக்கும். வெள்ளைக்காரர் காரணமில்லாமல் ஒன்றும் சொல்லமாட்டினம். இது நான் வேலை செய்கிற இடத்தில் பலமுறை பொய்யாகிப்போன நம்பிக்கை. ஆனாலும் விடுகிறேனா?

வெள்ளிக்கிழமை. விடியக் குளித்தேன். திருநீறு பூசினேன். அதற்கு மேல் ஒரேஞ்ச் சட்டை. வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். பனி இன்னும் இலையில் இருந்தது.

கை தானாக வேலை செய்தது. பூ எடுக்கிறது என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறதே. எடுக்கும்போது மணந்து பார்க்கக்கூடாது. மணந்தது சாமிக்கு ஆகாது. நிலத்தில் விழுந்தது ஆகாது. பூச்சி கடித்தது ஆகாது. வாடினது, கறுத்தது ஒன்றும் ஆகாது. அதையெல்லாம் செடியிலேயே விட்டேன். நன்றாக மலர்ந்து நின்றது மட்டும். ஒவ்வொன்றாக. காம்பு நோகாமல்.

ஒன்றும் மிச்சம் விடாதே என்று பெவ் சொன்னா. விடவில்லை. செடிக்குள் மறைந்து நின்ற ஒரு சின்னச் செவ்வந்தியைக்கூடத் தேடிப் பிடித்தேன்.

பஸ் ஒன்று சுற்றிக்கொண்டு போனது. டிரைவர் என்னைப் பார்த்தபடியே போனார். நான் கையாட்டினேன்.

சரோ வாளியைப் பார்த்து வாயில் கை வைத்தா.

"இவ்வளவும் ஆர் தந்தது?"

"பெவ் எடுக்கச் சொன்னவ."

"வெள்ளிக்கிழமை எண்டு தெரிஞ்சு சொல்லியிருக்கிறா பாருங்கோ. நல்ல மனிசி."

உடனே இருந்து மாலை கட்டத் தொடங்கிவிட்டா. எங்கள் வீட்டுச் சாமியறை ஒரு அலுமாரி. வீடு கட்டினவன் போர்வையும் துவாயும் வைக்கத்தான் அதைக் கட்டினான். அதற்குள் பிள்ளையார் இருக்கிறார். சின்னவர். உள்ளங்கை அளவு. அன்றைக்கு அவருக்கு நாலு மாலை. தும்பிக்கை நுனி மட்டும்தான் வெளியில் தெரிந்தது. கற்பூரம் கொளுத்த முதல், கூரையில் இருக்கிற ஸ்மோக் அலாரத்துக்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டேன். அதுவும் எங்கள் வழிபாட்டு முறையில் ஒன்றாகிவிட்டது.

கும்பிட்டேன். "அப்பனே, பெவ்வின் பாத்தி தப்பவேணும். முதல் மூன்றுக்குள் வரவேணும்."

அவர் என்ன நினைத்திருப்பார்? பாத்தியைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டுவிட்டு, பாத்தியைக் காப்பாற்று என்கிறானே...

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒரு சத்தம்.

"ஷிவாஆஆ!"

நடுவர்கள் பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், எல்லாம் சரியா என்று பார்க்கப் பெவ் முன்னால் ஓடி வந்திருக்கிறா. நான் வெளியே போனேன். அவ பாத்தியின் நடுவில் நின்றா. அவவைச் சுற்றிப் பச்சை இலை. இலைக்கு மேல் அங்கங்கே கறுத்த மொட்டந்தலைகள். முழுப் பாத்தியும் செத்த வீட்டுக்கு அடுத்த நாள் முற்றம் மாதிரி இருந்தது.

"என் பூ எங்கே?"

"எடுத்திட்டன்."

"எதை எடுத்தாய்?"

"பூவை. நீங்கள்தானே... டெட்ஹெட்..."

அவ குனிந்து ஒரு கறுத்த பூவைப் பிடுங்கினா. என் முகத்துக்கு முன்னால் பிடித்தா.

"இதை! இதை எடுக்கச் சொன்னேன்! செத்த தலையை!"

சத்தம் கேட்டுக் கார்த்திக் ஓடி வந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயோ அண்ணே! மொத்தமா மொட்டை அடிச்சிட்டீங்களே! காஞ்சதைத்தாண்ணே கிள்ளணும்!"

"நீர் அதைச் சொல்லேல்லையே."

"இதை வேற சொல்லணுமாண்ணே?" கொஞ்சம் யோசித்தார். "...சொல்லணும் போலதான் இருக்கு."

பெவ்வுக்கு இந்தச் சண்டை விளங்கவில்லை. "பூ இப்போது எங்கே? குப்பையிலா?"

"இல்லை. கடவுளிட்ட."

"யாரிடம்?"

கார்த்திக் விளக்கினார். பெவ் நேரே என் வீட்டுக்குள் நடந்தா. நாங்கள் பின்னால் ஓடினோம். அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. வாசனை. புகை. நாலு மாலை.

கார்த்திக்தான் முதலில் வாயைத் திறந்தார். "நூல் இருக்காக்கா? மாலையைப் பிரிச்சு ஒவ்வொரு பூவாச் செடியில கட்டிரலாம். மூணு பேர் சேர்ந்தா முடிஞ்சிரும்."

சரோ அலுமாரிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றா.

"விசரே உமக்கு? சாத்தின மாலையைப் பிய்ச்சு ரோட்டில கட்டுறதோ? அதுவும் வெள்ளிக்கிழமை!"

"அவசரம்க்கா. பிள்ளையார் புரிஞ்சுக்குவாரு."

"அவருக்கு விளங்கும். நான் விடமாட்டன்."

பெவ் என்னைப் பார்த்தா. "அவ என்ன சொல்றா?"

"நோ" என்றேன். அதுதான் சுருக்கமான மொழிபெயர்ப்பு.

பெவ் அலுமாரிக்குக் கிட்டப் போனா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வெளிமாலையில் இருந்த ஒரு டேலியாவை விரலால் தொட்டா. சிவப்பு. தட்டளவு. அது போட்டிக்கென்று அவ கிழங்கு வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தது.

"எல்லாம் இவருக்கா?"

"யெஸ்."

"ஆள் சின்னவராக இருக்கிறாரே" என்றா.

பிறகு சட்டையை இழுத்து நேராக்கினா. "வா. வான் வந்துவிட்டது."

நடுவர்கள் இரண்டு பேர். பென்சிலோடு ஒரு அயர்லாந்து அம்மா. தொப்பியோடு ஒரு ஜப்பான் ஐயா. பாத்தியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்கள். கறுத்த தலைகளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெவ் சாட்டுச் சொல்லவில்லை. ஆடு மேய்ந்தது, களவு போனது என்று ஒன்றும் சொல்லவில்லை.

"காலையில் இங்கே பூ இருந்தது. இப்போது அந்த வீட்டில் இருக்கிறது" என்றா. கையை என் பக்கம் காட்டினா. நான் ஒரேஞ்ச் சட்டையோடு நின்றேன். ஒளிக்க ஏலாத நிறம்.

"திருட்டா?" என்று கேட்டா அயர்லாந்து அம்மா.

"இல்லை. பிரார்த்தனை" என்றா பெவ்.

அவர்களுக்குப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சரோ தேத்தண்ணியும் வடையும் கொடுத்தா. ஜப்பான் ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. என்ன இருந்தாலும் பூ பூத்தானே. கண்ணால் பார்க்கினம்தானே. அயர்லாந்து அம்மா மாலைக்குக் கிட்டப் போய் நின்று நெடுநேரம் பார்த்தா. பென்சிலை எடுத்தா. எழுதப்போறா... எழுதப்போறா...

பென்சிலைக் காதில் செருகினா.

"மிக அழகு. ஆனால் தெருவில் நிற்கிற பூவுக்குத்தான் மார்க்."

இந்த இங்கிலீஷ் எனக்குக் கார்த்திக் இல்லாமலே விளங்கியது.

அன்று பின்னேரம் பெவ் திரும்பவும் பாத்தியில் முழங்காலில் நின்றா. கறுத்த தலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தா. நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"போட்டிதான் முடிந்துவிட்டதே?" என்றேன்.

"அது செடிக்குத் தெரியுமா?"

நானும் எடுத்தேன். வாடினதை மட்டும். இலை பிரிகிற இடம் வரைக்கும் இறங்கிக் கிள்ளவேணுமாம். எங்கோ தப்பிப் பிழைத்த ஒரு மொட்டு பாதி மலர்ந்து நின்றது. என் கை அதன் பக்கம் போனது. பெவ் கையுறையால் ஒரு அடி போட்டா.

இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் மலர்ந்ததை எடுத்துக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு, வாடினதைச் செடியில் விடுகிறோம். அவர்கள் வாடினதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மலர்ந்ததைத் தெருவில் போகிறவர்களுக்கு விடுகிறார்கள். இரண்டு பேரும் அதற்குப் பக்தி என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். நல்ல வேட்டி, நல்ல கோப்பை, நல்ல சொல் எல்லாவற்றையும் யாருக்கோ என்று எடுத்து வைத்துவிட்டு வாடினதோடு சீவிக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறதா, இல்லையா? எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். செடிக்கு இரண்டும் வெட்டுத்தான்.

முடிவு வந்தது. கிராமங்களில் நாங்கள் கடைசிக்கு முதல். எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு ஊர். அங்கே வெள்ளம் வந்து பாத்திகளை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். வெள்ளம் வராத ஊர்களில் நாங்கள்தான் கடைசி.

பெவ் அதையும் ஏசாமல் சொல்லிவிட்டுப் போனா. இனிச் சிமெண்ட்தான். எப்போது என்பதுதான் தெரியாது.

நான் தண்ணி விடுவதை நிறுத்தவில்லை. நிறுத்த யாரும் சொல்லவில்லை.

இனித்தான் நான் எதிர்பாராத விஷயம். மலர்ந்ததை நான் எடுத்தேன். வாடினதைப் பெவ் எடுத்தா. செடியில் விதையாக ஒரு பூவும் மிச்சமில்லை. செடிக்குப் பயம் பிடித்திருக்க வேணும். இரண்டு மூன்று கிழமையில் ஒரு பூ நின்ற இடத்தில் நாலு பூ. ஸினியா ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. டேலியாவுக்கு முட்டுக்கொடுக்கத் தடி போதவில்லை. போட்டிக்கு முதல் இருந்தது இதற்குக் கிட்டவும் வராது. நடுவர்கள்தான் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்படி ஒரு பின்னேரம். பெவ் முழங்காலைக் காட்ட டொக்டரிடம் போயிருந்தா. நான் ஹோஸோடு நின்றேன். அலுவலக வாகனம் ஒன்று வந்து ஓரத்தில் நின்றது. ஒருவர் இறங்கினார். கையில் அளவு நாடா. மற்றக் கையில், ரோட்டில் அடையாளம் போடுகிற ஸ்பிரே பெயின்ட்.

விளங்கிவிட்டது. சிமெண்ட் வந்துவிட்டது.

அவர் பாத்திக்குக் கிட்ட வந்தார். நின்றார். நாடாவை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கரைக்கு வெளியாலும் பூ தொங்கிக்கொண்டு நின்றது.

"இதுதானா கடைசிக்கு முதல் வந்தது?"

"யெஸ்."

"இப்படிப் பூக்கவைத்தது யார்?"

"பெவ். நானும்."

"யாரோ ஒரு ஆள் போட்டியன்று எல்லாப் பூவையும் பறித்ததாகக் கேள்விப்பட்டேன்."

"அதுவும் நான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். பூவில் எங்களுக்குக் கோபமில்லை. அந்த அம்மா தனியே இதுக்குள் நிற்பதுதான் பிரச்சினை. அவவுக்குப் பிறகு இதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

இந்த இடத்தில் நான் நிறையச் சொல்லியிருக்கவேணும். பெவ் மழையில் நின்றதைச் சொல்லியிருக்கலாம். டேலியாவை விரலால் தொட்டதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் இருக்கிறன்."

"நீயா? ஒவ்வொரு கிழமையுமா?"

"ஒவ்வொரு நாளும்."

"ரோட்டைக் கடக்கும்போது அந்தச் சட்டை போடுவாயா?"

"யெஸ்."

வாழ்க்கையில் முதல் தரம், அர்த்தம் தெரிந்துகொண்டு சொன்ன யெஸ்.

அவர் ஸ்பிரே டின்னை இரண்டு தரம் குலுக்கினார். பிறகு டின்னை வாகனத்துக்குள் எறிந்தார். மேலே உள்ளவர்களோடு கதைத்துப் பார்க்கிறேன் என்றுவிட்டுப் போனார்.

போன கிழமை பெவ்வுக்கு ஃபோன் வந்தது. ஒரு வருஷம் பாத்தி இருக்கலாம். பொறுப்பாளர் ஷிவா.

"பாத்தீங்களே? பிள்ளையார் கேட்டுத்தான் இருக்கிறார்" என்றா சரோ.

"பிந்தித்தான் கேட்டவர்."

"ப்ராசஸிங் டைம்ணே. விசா மாதிரி" என்றார் கார்த்திக்.

நேற்றுப் பெவ் வந்தா. கையில் ஒரு பலகை, ஒரு பிரஷ், வெள்ளைப் பெயின்ட்.

"பூப் பறிக்கவேண்டாம் என்று எழுது. உன் பாஷையில்."

"இங்கிலீஷில்?"

"இங்கிலீஷ்காரர் யாரும் பறிக்கவில்லையே."

பலகையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் தெருவில் தமிழ் வாசிக்கிற வீடு இரண்டு. சரோ கார்களுக்கு நடுவில் ரோட்டைக் கடக்கமாட்டா. கார்த்திக் வீட்டுக்கு மல்லிகை கடையிலிருந்து வருகிறது.

'பூப் பறிக்காதே' என்று முதலில் எழுதினேன். தள்ளி வைத்துப் பார்த்தேன். அழித்துவிட்டு, 'பூப் பறிக்காதீர்கள்' என்று திரும்ப எழுதினேன்.

வாசிக்கப்போகிறவன் நான்தானே. கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.